உழைப்பது ஒருவர், லாபம் இருவருக்கும்: கூட்டை முறிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: "நானும் நண்பனும் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்த்தோம். 2018-ல் வெளியே வந்து திருப்பூரில், மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் ஆரம்பித்தோம். அவன் 10 லட்சம் போட்டான், நான் 4 லட்சம். பேங்க் கணக்குக்காக எழுதிய டீட்டில் (கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தில்) லாபம் 50:50 என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆரம்பத்தில் இரண்டு பேரும் ராப்பகலாக உழைத்தோம். இப்போது நான்கு வருடமாக அவன் கோயம்புத்தூரில் மாமனாருடைய கடையைப் பார்த்துக்கொள்கிறான். வாரத்தில் ஒரு நாள் வருகிறான். நான் காலை 8 மணிக்குப் போனால் இரவு 10 மணிக்குத்தான் வீடு. சம்பளக் கணக்குகூட வீட்டில் என் மனைவிதான் எழுதித் தருகிறாள். வருடக் கடைசியில் பாதி லாபம் அவனுக்குப் போகிறது. கேட்கவும் முடியவில்லை, பொறுக்கவும் முடியவில்லை. பிரிந்துவிடலாமா?"

பதில்:

பிரிய வேண்டிய கட்டத்துக்கு நீங்கள் இன்னும் வரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. டீட்டை மாற்றி எழுத வேண்டிய கட்டம் வந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. அதைத் தள்ளிப்போட்டதில் உங்கள் இருவருக்குமே பங்கு உண்டு.

கூட்டுத் தொழிலுக்கு டீட் எழுதிக் கொடுப்பதும், கூட்டு முறிந்தால் கணக்கு முடித்துக் கொடுப்பதும் என் வேலை. ஒருவர் பணத்தைக் கையாடி அதனால் முறிந்த கூட்டுகளை விட, 'நான் மட்டும்தான் உழைக்கிறேன்' என்ற மனத்தாங்கலில் முறிந்த கூட்டுகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். அதுவும் கஷ்ட காலத்தில் முறிவதில்லை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது இருவரும் தோளோடு தோள் நிற்பார்கள். கையில் நாலு காசு புழங்க ஆரம்பித்த பிறகுதான் யார் எவ்வளவு உழைத்தோம் என்ற பேச்சு வரும். உங்கள் யூனிட்டும் இப்போது அந்த இடத்துக்கு வந்திருக்கிறது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடலாம். 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம்தான் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. கூட்டாண்மை என்றால் என்ன என்று விளக்கும் 4-வது பிரிவே, தொழிலை எல்லாரும் சேர்ந்து நடத்தலாம், எல்லாருக்காகவும் ஒருவரே நடத்தவும் செய்யலாம் என்கிறது. ஆக, வேலைக்கு வராத கூட்டாளியும் கூட்டாளிதான். ஒவ்வொரு கூட்டாளியும் தன் கடமையைக் கருத்தோடு செய்ய வேண்டும் என்று 12-வது பிரிவு சொல்கிறது. ஆனால் எந்த வேலை யாருடைய கடமை என்று அது சொல்லாது, அதை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்து வரும் 13-வது பிரிவைப் படித்தால் பலருக்குத் தூக்கிவாரிப் போடும். டீட்டில் வேறு மாதிரி எழுதாதவரை, தொழிலை நடத்துவதற்காக எந்தக் கூட்டாளிக்கும் சம்பளம் கிடையாது. லாபமும் நஷ்டமும் சரிசமம். போட்ட முதலுக்கு வட்டி தானாக வராது. முதலுக்கு மேல் தொழிலுக்காகக் கொடுத்த பணத்துக்கு மட்டும் வருடம் 6 சதவீதம் வட்டி உண்டு.

அதாவது, நீங்கள் நாளுக்கு 14 மணி நேரம் நிற்பதற்குச் சட்டம் ஒன்றும் தராது. உங்களை விட 6 லட்சம் அதிகம் போட்டதற்கு அவருக்கும் ஒன்றும் தராது. இந்த டீட்டினால் இருவருமே ஏதோ ஒன்றை இழந்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் இழப்பு உங்களுக்கு வலிக்கிறது. அவருடைய இழப்பை அவர் இதுவரை வாய்விட்டுச் சொன்னாரா என்று யோசித்துப் பாருங்கள்.

பிரச்சினை எங்கே என்றால், 'லாபம்' என்ற ஒரே பையில் மூன்று விதமான பணத்தைப் போட்டுக் கட்டியிருக்கிறீர்கள். உழைப்புக்கான கூலி ஒன்று, போட்ட முதலுக்கான வட்டி ஒன்று, யூனிட் மூழ்கினால் இருவர் வீடும் போகும் என்ற ஆபத்தைத் தாங்குவதற்கான பங்கு ஒன்று. 25-வது பிரிவின்படி தொழிலின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் முழுப் பொறுப்பு. கடன் கொடுத்தவர் உங்களை விட்டுவிட்டு முழுத் தொகையையும் அவரிடமே கேட்கலாம். அவர் கோயம்புத்தூரில் உட்கார்ந்திருந்தாலும் அந்த ஆபத்து அவர் தலைமேல் இருக்கிறது. அதனால் 'வேலை செய்யாதவனுக்கு லாபம் எதற்கு' என்று நீங்கள் கேட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'வேலைக்கான கூலி எனக்கு எங்கே' என்று கேட்டால் முழுதாக ஒத்துக்கொள்வேன். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

கணக்கு போட்டே பார்ப்போம். சம்பளம், வட்டி எதுவும் எடுப்பதற்கு முன் யூனிட்டின் வருட லாபம் 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஆளுக்கு 6 லட்சம். இதையே பிரித்து எழுதுவோம். உங்கள் இடத்தில் ஒரு ப்ரொடக்ஷன் மேனேஜரை வைத்தால் மாதம் என்ன கொடுப்பீர்களோ அதுதான் உங்கள் சம்பளம். 35,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 4.20 லட்சம். அவர் வாரம் ஒரு நாள் வந்து ஆர்டரும் பில் வசூலும் பார்க்கிறார் என்றால் அதற்கு மாதம் 8,000, வருடத்துக்கு 96,000. முதலுக்கு 12 சதவீதம் வட்டி போட்டால் அவருடைய 10 லட்சத்துக்கு 1.20 லட்சம், உங்கள் 4 லட்சத்துக்கு 48,000. இதெல்லாம் போக மிச்சம் 5.16 லட்சம். அதைச் சரிபாதியாகப் பிரித்தால் ஆளுக்கு 2.58 லட்சம். கூட்டிப் பார்த்தால் உங்களுக்கு 7.26 லட்சம், அவருக்கு 4.74 லட்சம்.

50:50 என்ற வாக்கு அப்படியே இருக்கிறது. அவருடைய பணத்துக்கு மரியாதை கிடைத்துவிட்டது, உங்கள் உழைப்புக்கும் கிடைத்துவிட்டது. நாளைக்கு அவர் கடையை விட்டுவிட்டு முழுநேரமும் யூனிட்டுக்கு வந்தால் அவருடைய சம்பளம் ஏறும், அவ்வளவுதான். லாப விகிதத்தை மாற்று என்று கேட்டால் நட்பில் கீறல் விழும். வேலைக்குச் சம்பளம் போடுவோம் என்று கேட்டால் அது வெறும் கணக்குப் பேச்சு. இதை நான் பலமுறை கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

வருமான வரியும் இந்த ஏற்பாட்டுக்கு இடம் தருகிறது. தொழிலில் நேரடியாக வேலை செய்யும் கூட்டாளிக்குக் கொடுக்கும் சம்பளத்தையும், முதலுக்கு 12 சதவீதம் வரையிலான வட்டியையும் நிறுவனத்தின் செலவாகக் காட்டலாம், டீட்டில் எழுதியிருந்தால் மட்டும். சம்பளத்துக்கு ஒரு உச்ச வரம்பு உண்டு. 2024-25 நிதியாண்டிலிருந்து, லாபத்தில் முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதம் அல்லது 3 லட்சம், இதில் எது அதிகமோ அது. அதற்கு மேல் உள்ள லாபத்துக்கு 60 சதவீதம். வட்டியைக் கழித்த பிறகு இந்தக் கணக்கைப் போட வேண்டும். மேலே சொன்ன உதாரணம் இந்த வரம்புக்குள் தாராளமாக அடங்குகிறது. ஆனால் பின்தேதியிட்டுச் சம்பளம் எழுதினால் வரியில் செல்லாது. டீட் எழுதிய தேதிக்குப் பிறகுதான் கணக்கு. 2025 ஏப்ரலிலிருந்து கூட்டாளிக்குக் கொடுக்கும் சம்பளமும் வட்டியும் சேர்ந்து வருடம் 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கு இவ்வளவுதான். அடுத்தது மனக் கணக்கு. அதில்தான் ஆட்கள் கூடுதலாகத் தடுக்கி விழுகிறார்கள்.

1979-ல் கனடாவில் மைக்கேல் ராஸ், ஃபியோர் சிக்கோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். 37 தம்பதிகளைத் தனித்தனியாக உட்காரவைத்து, காலைச் சாப்பாடு செய்வது, பாத்திரம் கழுவுவது, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது என்று வீட்டு விஷயங்கள் 20-ஐச் சொல்லி, ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். கணவன் சொன்னதையும் மனைவி சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலானவற்றில் நூறைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. தான் செய்தது ஒவ்வொன்றும் அவரவர் உடம்புக்குத் தெரியும், அதனால் நினைவில் நிற்கும். அடுத்தவர் செய்ததில் நம் கண்ணில் பட்டது மட்டும்தான் நினைவில் இருக்கும். உதவிய காரியங்களில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். சண்டையைக் கிளப்புவது யார் என்ற கேள்வியும் அந்தப் பட்டியலில் இருந்தது, அதிலும் இதே கதைதான்.

இதே விஷயத்தைப் பனியன் யூனிட்டில் வைத்துப் பாருங்கள். உங்கள் வேலை சத்தம் போடும் வேலை. பவர் டேபிளில் தையல் மெஷின்கள் ஓடுவது கேட்கும், கட்டிங் பீஸ் குறைவது தெரியும், செக்கிங்கில் ஒதுக்கிய பீஸ் குவிந்து கிடக்கும், சனிக்கிழமை சாயங்காலம் சம்பளத்துக்கு டெய்லர்கள் வரிசையில் நிற்பார்கள். பில் வசூல் சத்தம் போடாது. எனக்குத் தெரிந்த ஒரு பிரிண்டிங் யூனிட்டில் இதே சண்டை வந்தது. ஒருவர் மேஜையில் நின்று பிரிண்ட் அடிப்பார், இன்னொருவர் நாள் முழுக்கப் போனில் பேசுவார். 'பேசுறதெல்லாம் ஒரு வேலையா' என்று ஒருநாள் வார்த்தை முற்றிவிட்டது. போன்காரர் கோபித்துக்கொண்டு வருவதை நிறுத்தினார். மூன்றாவது சனிக்கிழமை சம்பளம் போடப் பணம் இல்லை. வர வேண்டிய பில் எல்லாம் பார்ட்டிகளிடம் அப்படியே நின்றது. எந்தக் கம்பெனியில் யாரை எந்தக் கிழமை எத்தனை மணிக்குக் கூப்பிட்டால் செக் வரும் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. பிரிண்ட் அடித்தவரின் உழைப்பு இதனால் குறைந்துபோகவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு இருவரும் ஒருவர் வேலையை ஒருவர் வாயால் எடுத்துச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

உங்கள் நண்பரிடம் அப்படி ஏதாவது இருக்கிறதா? வேலை தரும் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் எத்தனை அவர் பெயரைச் சொல்லி வந்தவை? பேங்க் கடனுக்கு யாருடைய வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருக்கிறது? இவற்றை நீங்கள் எழுதவில்லை. ஒன்றுமே இல்லை என்றால் உங்கள் வழக்கு இன்னும் வலுவாகிறது. இருந்தால் அதைப் பேச்சின் முதல் வரியாக வையுங்கள்.

நான் சொல்வது இதுதான். பேசுவதற்கு முன் ஒரு மாதம் ஒரு நோட்டு போடுங்கள். அவரையும் ஒன்று போடச் சொல்லுங்கள். செய்த வேலையை மட்டும் எழுதினால் போதாது, மண்டைக்குள் சுமந்த வேலையையும் எழுத வேண்டும். லைன் ஓடுகிறது என்று எழுதுவது சுலபம். வியாழக்கிழமை ஓவர்லாக் டெய்லர் ஊருக்குப் போய்விடுவார், அதற்குள் மாற்று ஆள் பிடிக்க வேண்டும் என்று திங்கட்கிழமையே யோசித்தது யார்? பிஎஃப், ஈஎஸ்ஐ 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், ஜிஎஸ்டி 20-ஆம் தேதி என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பது யார்? நூல் கலர் மாறிவிட்டது என்று சரக்கு வாங்கும் பையர் தரப்பிலிருந்து போன் வரும்போது பதில் சொல்வது யார்? ஒரு கூட்டில் ஆளை மிகவும் களைப்பாக்குவது இந்த முன்யோசனை வேலைதான். செய்து முடித்ததற்கு ஒரு தடயம் இருக்கும். யோசித்து வைத்ததால் வராமல் போன சிக்கலுக்குத் தடயமே இருக்காது.

இப்போது, நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். சம்பளக் கணக்கை உங்கள் மனைவி எழுதித் தருகிறார் என்கிறீர்கள். பீஸ் ரேட் கணக்கு சாதாரண வேலை இல்லை. யார் எத்தனை பீஸ் தைத்தார், எதற்கு என்ன ரேட், யார் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார் என்று வாராவாரம் போட வேண்டும். ஒரு பூஜ்யம் தவறினால் சனிக்கிழமை தகராறு. அவருக்கு யூனிட் என்ன தருகிறது? ஒன்றும் இல்லை என்றால், நண்பரைப் பார்த்து உங்களுக்கு எழும் அதே கேள்வியை உங்களைப் பார்த்துக் கேட்க வீட்டில் ஒருவர் இருக்கிறார். அவர் கேட்காமல் இருப்பதால் கேள்வி இல்லை என்று ஆகாது.

இதைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. உங்கள் யூனிட்டில் உண்மையில் மூன்று பேருடைய உழைப்பு இருக்கிறது, டீட்டில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். நாடு முழுக்க இதே கதைதான். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்வோரில் பெண்கள் அதற்கு நாளுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாகத் தெரிந்தது. நீங்கள் 14 மணி நேரம் வெளியே நிற்க முடிகிறது என்றால், அந்த 14 மணி நேரமும் வீட்டை இன்னொருவர் தாங்குகிறார் என்றுதான் பொருள். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார், மனைவி ஊரில் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். கணவர் பெயரில் வாங்கிய சொத்தில் மனைவிக்குப் பங்கு உண்டா என்பது கேள்வி. மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அவரும் அந்தச் சொத்து சேர்வதில் சமமாகப் பங்களித்தவர் என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். விடுமுறையே இல்லாத வேலை அது என்பதையும் தீர்ப்பு எடுத்துச் சொன்னது.

உங்கள் வீட்டில் நீதிமன்றம் வரை போகத் தேவையில்லை. சம்பளக் கணக்கு எழுதுவதற்கு வெளியாள் ஒருவருக்கு என்ன கொடுப்பீர்களோ அந்த நியாயமான தொகையை யூனிட் கணக்கிலிருந்து மாதாமாதம் அவருடைய பேங்க் கணக்குக்குப் போடுங்கள். கூட்டாளியின் உறவினருக்குக் கொடுக்கும் தொகை நியாயத்துக்கு மீறினால் வரி அதிகாரி அந்தக் கூடுதலைத் தள்ளுபடி செய்வார், அதனால் அளவாக இருக்கட்டும். நண்பரிடம் பேசும்போது இதையும் சேர்த்தே பேசுங்கள். அவருக்குத் தெரியாமல் போட்டால் அது வேறு மாதிரி பேச்சாகிவிடும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இருவரும் உழைக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு மாதமும் சரிசமமாக உழைக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. கூட்டு என்பதே ஒருவர் விழும்போது மற்றவர் தாங்குவதற்குத்தான். அப்பாவுக்கு ஆபரேஷன் என்று அவர் மூன்று மாதம் வராமல் இருந்திருந்தால், அதைக் கணக்கில் எழுதுவது கேவலம். பிள்ளை பிறந்த வருடத்தில் நீங்கள் பாதி நாள்தான் வந்தீர்கள் என்றால் அவரும் எழுதியிருக்கக் கூடாது. 2020 ஊரடங்கில் ஆர்டர் நின்றபோது யார் கையிலிருந்து போட்டு டெய்லர்களுக்குச் சாப்பாட்டுக்குக் கொடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதை நீங்கள் இருவரும் மறக்காமல் இருப்பது நல்லது. முடியாமல் வராதவருக்கும் வர மனமில்லாமல் வராதவருக்கும் வித்தியாசம் உண்டு. உங்கள் நண்பர் இந்த இரண்டிலும் சேரவில்லை. அவருடைய வாழ்க்கை வேறு பக்கம் திரும்பிவிட்டது. அதில் தப்பில்லை. வாழ்க்கை திரும்பியபோது டீட்டையும் திருப்பியிருக்க வேண்டும். அதைத் தொடங்கி வைத்திருக்க வேண்டியவர் அவர். வேறு தொழிலுக்குப் போகிறவர்தான் 'நான் இனி இவ்வளவுதான் வர முடியும், என்ன செய்யலாம்' என்று முதலில் வாய் திறக்க வேண்டும். அவர் திறக்காதது உங்களுக்கு வலிப்பது நியாயம், அந்த வலியையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எப்படிப் பேசுவது? யூனிட்டில் வேண்டாம். அங்கே சூப்பர்வைசர் காதில் ஒரு வார்த்தை விழுந்தால் மறுநாள் எல்லா டேபிளிலும் அதே பேச்சாக இருக்கும். வாட்ஸ்அப்பில் கண்டிப்பாக வேண்டாம். மாமனார், மச்சான், பொது நண்பர் என்று யாரையும் முதல் பேச்சுக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அவர் பஞ்சாயத்து என்று நினைத்து முறைத்துக்கொள்வார். நீங்கள் இருவர் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள், கையில் இரண்டு நோட்டு, ஒரு கால்குலேட்டர். முதலில் அவர் போட்ட 10 லட்சத்தைப் பேசுங்கள். 'இத்தனை வருஷம் உன் பணத்துக்கு வட்டியே போடலை, அது சரியில்லை' என்று ஆரம்பித்தால், அவர் தற்காப்புக்குப் போகாமல் கேட்பார். இது தந்திரம் இல்லை, உண்மையிலேயே அவருக்குச் சேர வேண்டியது அது. அதற்குப் பிறகு உங்கள் சம்பளம். பழைய நான்கு வருடத்துக்குப் பாக்கி கேட்காதீர்கள் என்பது என் யோசனை. கேட்க மனசு துடிக்கும், தெரியும். ஆனால் எழுதாத சம்பளத்துக்குச் சட்டத்திலும் பிடிமானம் இல்லை, கேட்டால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அவர் ஒத்துக்கொண்டால் புதிய டீட்டில் சம்பளமும் வட்டியும் மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். உற்பத்தி, ஆள், டெலிவரி யார் பொறுப்பு, ஆர்டர், வசூல், பேங்க் யார் பொறுப்பு என்று பெயர் போட்டு எழுதுங்கள். கூட்டாளியாக இருக்கும்வரை வேறு தொழில் செய்யக் கூடாது என்று டீட்டில் எழுத 11-வது பிரிவு இடம் தருகிறது. உங்கள் நண்பருக்கு அந்தத் தடை பொருந்தாது, அவர் ஏற்கனவே கடையில் இருக்கிறார். அதனால் வாரம் எத்தனை நாள், என்ன வேலை என்று எழுதினால் போதும். உடம்பு முடியாமல் போனால் எத்தனை மாதம் வரை முழுச் சம்பளம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு வருடமும் ஏப்ரலில் இருவரும் உட்கார்ந்து சம்பளத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்ற ஒரு வரியைத்தான் நான் ரொம்ப முக்கியமாகச் சொல்வேன். அந்த வரி இருந்தால் கேட்பவர் பேராசைக்காரர் ஆக மாட்டார், டீட்தான் கேட்கச் சொல்கிறது. 42-வது பிரிவின்படி, டீட்டில் வேறு மாதிரி எழுதாவிட்டால் ஒரு கூட்டாளி இறந்தாலே கூட்டு கலைந்துவிடும். அதையும் யோசித்து எழுதுங்கள், இருவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கும்.

உங்கள் கூட்டு மாவட்டப் பதிவாளரிடம் பதிவானதா என்று பாருங்கள். பதிவு கட்டாயம் இல்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் 69-வது பிரிவின்படி, பதிவு செய்யாத கூட்டில் ஒரு கூட்டாளி டீட்டைக் காட்டி மற்ற கூட்டாளி மேல் வழக்குப் போட முடியாது. கூட்டைக் கலைக்கவும், கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்கவும், அதன் சொத்தை மீட்கவும் மட்டும்தான் முடியும். எவ்வளவு அழகாக டீட் எழுதினாலும் பதிவு இல்லையென்றால் அது பாதிப் பலம்தான்.

திருப்பூருக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. இங்கே டேபிளில் உட்கார்ந்து தைத்தவர்கள், கட்டிங் மாஸ்டராக இருந்தவர்கள் பலர் கூட்டு சேர்ந்துதான் முதலாளி ஆனார்கள். கையில் பணம் இல்லாதவர் தன் உழைப்பையே முதலாகப் போட்டார், பணம் இருந்தவர் பணத்தைப் போட்டார். உழைப்பையும் முதலாக மதிக்கிற பழக்கம் இந்த ஊரின் ரத்தத்தில் இருக்கிறது. உங்கள் நண்பரும் அதே டேபிள்களுக்கு நடுவிலிருந்து வந்தவர்தான். நீங்கள் சொல்வது அவருக்குப் புரியாது என்று நான் நினைக்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் 'எனக்குப் பாதி வேண்டும், வேலைக்கும் வர மாட்டேன், சம்பளமும் போட மாட்டேன்' என்று அவர் நின்றால், அப்போது பிரியுங்கள். மனசு கசந்துகொண்டே இன்னும் பத்து வருடம் ஓட்டுவதை விட அது இருவருக்கும் நல்லது. உங்கள் டீட்டில் கால வரையறை இல்லாததால் இது விருப்பக் கூட்டு. 43-வது பிரிவின்படி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து எந்தக் கூட்டாளியும் கலைக்கலாம். ஆனால் கலைத்தால் மெஷின், ஆர்டர், பெயர் எல்லாம் சிதறும். அவர் விலகிக்கொள்ள, நீங்கள் தொழிலைத் தொடர்வதுதான் மேல். அவருடைய முதலையும் பங்கையும் மதிப்புப் போட்டு, தவணை எழுதி, முடிந்தவரை சீக்கிரம் கொடுத்துவிடுங்கள். கணக்கை முடிக்காமல் அவருடைய பணத்தை வைத்துத் தொழிலை ஓட்டினால், அந்தப் பணத்தால் வந்த லாபத்தின் பங்கையோ 6 சதவீத வட்டியையோ அவர் விருப்பம்போல் கேட்கலாம், அது 37-வது பிரிவு. அவருக்குப் பதிலாக உங்கள் மனைவியைக் கூட்டாளியாகச் சேர்த்துப் புது டீட் எழுதலாம். ஏனென்றால் அவர் மொத்தமாக வெளியே போனால் மிஞ்சுவது நீங்கள் ஒருவர்தான், ஒருவரை வைத்துக் கூட்டாண்மை இருக்க முடியாது.

விலகல் பத்திரத்தில் கையெழுத்து போட்டதோடு வேலை முடியாது. பொது அறிவிப்பு கொடுக்கும்வரை விலகியவருக்கும் வெளியாட்களிடம் பொறுப்பு தொடரும். பதிவான கூட்டு என்றால் பதிவாளருக்குத் தகவல், அரசிதழ், ஒரு தமிழ் நாளிதழ் மூன்றிலும் அறிவிக்க வேண்டும். ஜிஎஸ்டியில் கூட்டாளி மாற்றத்தை 15 நாளுக்குள் பதிய வேண்டும். பேங்க் கடனுக்கு அவர் ஜாமீன் போட்டிருந்தால், நீங்கள் இருவரும் பிரிந்துவிட்டீர்கள் என்பதற்காகப் பேங்க் அவரை விட்டுவிடாது. மாற்று ஜாமீனோ அடமானமோ கொடுத்து, அவரை விடுவித்ததாகப் பேங்க்கிடமிருந்து கடிதம் வாங்கி, அதன் ஒரிஜினலை அவர் கையில் கொடுங்கள்.